இல்லாத ஊருக்கு வழி

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற இன்ஜினியர், இலக்கிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி என்று பேச வந்துவிட்டாரே!’ என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். என் வேலையில் பாதி தேடுவதுதானுங்க. புதிதாக ஒரு இம்பெல்லர் வடிவமைத்தால், உலகத்தில் எந்த மூலையிலாவது யாராவது அதை முன்பே செய்து காப்புரிமை வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். ‘தேடினோம், ஒன்றும் இல்லை’ என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வழக்கு வரும், பணமும் போகும். அதனால் ‘இல்லை’ என்ற சொல்லை நாங்கள் சுலபமாகச் சொல்வதில்லை.

இந்தச் சொல்லை ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட்டதால்தான் இந்தத் தலைப்பே எனக்குக் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, வேறொரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தாள். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். வழிகாட்டி என்ன சொன்னாராம்? ‘இதற்கெல்லாம் ஆய்வுக் கட்டுரை எதுவும் கிடைக்காது. பேசாமல் ஆர்வெல்லை எடுத்துக்கொள்.’ அவளும் தேடிப் பார்த்தாள். ‘டிஸ்டோப்பியன் ஃபிக்ஷன்’ என்று போட்டால் ஆர்வெல், ஹக்ஸ்லி, மறுபடியும் ஆர்வெல். கூடவே ‘இந்தியா’ என்று சேர்த்தால், அண்மையில் வந்த நாவல்கள் நாலைந்து. அவள் தேடிய கதை கண்ணிலேயே படவில்லை. ‘சார் சொன்னது சரிதான் போல, அண்ணா’ என்றாள்.

அது என்ன கதை என்று சொல்லிவிடுகிறேன். கேட்டால் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

‘சுல்தானாவின் கனவு’ என்பது அதன் பெயர். எழுதியவர் ரொகேயா சகாவத் ஹொசைன். இன்றைய வங்கதேசத்தில் ரங்பூர் பக்கம் பைராபந்த் என்ற ஊரில் 1880இல் பிறந்த முஸ்லிம் பெண்மணி. கதையை ஆங்கிலத்திலேயே எழுதினார். அது 1905இல் அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் 1901இல் இங்கே தொடங்கி நடத்திய ‘இண்டியன் லேடீஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையில்.

கதையில் வருகிற நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்கிறார்கள், பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் பலூன் கட்டி வானத்திலிருந்தே நீரை இழுத்துக்கொள்கிறது. இன்னொரு பல்கலைக்கழகம் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. எதிரி படையெடுத்து வந்தபோது அந்த வெப்பத்தைத் திருப்பி விட்டே விரட்டி அடிக்கிறார்கள். அன்றாட வேலை நேரம் வெறும் இரண்டு மணி. சும்மா சொல்லக்கூடாது, சோலார் பம்ப் வடிவமைக்கிற எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி ‘ஹெர்லண்ட்’ எழுதியது 1915இல். நம்முடைய கதை அதற்குப் பத்து ஆண்டுகள் மூத்தது. ரஷ்யாவின் ஜாமியாத்தின், பின்னால் வந்த ஹக்ஸ்லி, ஆர்வெல் எல்லோருக்கும் மூத்தது. அப்படிப்பட்ட கதைக்குக் கட்டுரை கிடைக்காது என்று சொன்னால் மனசு கேட்குமா?

கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அவள் கேட்ட சொல்லுக்கு அவை பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்று நான் சொல்ல வந்த சேதியும் இதுதான். தேடும் இயந்திரம் நீங்கள் மனதில் நினைக்கும் பொருளைத் தேடுவதில்லை. நீங்கள் கொடுத்த சொல்லைத்தான் தேடுகிறது. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கட்டுரையை அல்ல. அந்தப் பொருளுக்கு மற்றவர்கள் என்னென்ன பெயர் வைத்தார்கள் என்பதை.

இந்தத் துறையில் பெயர்க் குழப்பம் முதல் நாளிலேயே ஆரம்பமாகிவிட்டது. ‘யூட்டோப்பியா’ என்ற சொல்லை தாமஸ் மோர் 1516இல் லத்தீனில் எழுதிய நூலுக்காக உருவாக்கினார். கிரேக்க மொழியில் அதற்கு ‘இல்லாத ஊர்’ என்று பொருள். அதையே சற்று மாற்றி ஒலித்தால் ‘நல்ல ஊர்’ என்றும் பொருள் வரும். வேண்டுமென்றே செய்த சிலேடை. நம் ஊரில் இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்வார்கள் அல்லவா? மோர் அந்த ஊரையே கட்டிக் காட்டிவிட்டார்!

‘டிஸ்டோப்பியா’வின் கதை இன்னும் வேடிக்கை. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து பற்றிய விவாதத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில், அரசாங்கத்தைத் தாக்குவதற்காக இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இலக்கியத்தில் இன்றைய பொருளில் அது வருவது, நெக்லி, பேட்ரிக் ஆகிய இருவர் 1952இல் தொகுத்த நூலில். பரவலானது அதற்கும் பின்னால். ஆர்வெல்லின் நாவல் வந்தது 1949இல். ஆக, அந்த நாவலைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதிய பலர் ‘டிஸ்டோப்பியா’ என்ற சொல்லையே எழுதியிருக்க மாட்டார்கள். ‘ஆன்டி யூட்டோப்பியா’, ‘நெகடிவ் யூட்டோப்பியா’ என்றெல்லாம் எழுதினார்கள். மார்க் ஹில்லகாஸ் 1967இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பில் இருப்பதும் ‘ஆன்டி யூட்டோப்பியன்கள்’ என்பதே. நீங்கள் டிஸ்டோப்பியா என்று மட்டும் தேடினால் இப்படிப்பட்ட எழுத்துகள் கைநழுவிப் போகும்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். லைமன் டவர் சார்ஜென்ட் என்ற அமெரிக்க அறிஞர், நல்ல உலகத்தைக் காட்டுவதற்கு ‘யூட்டோப்பியா’ என்பதன் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து ஒரு பெயரும், கெட்ட உலகத்துக்கு ‘டிஸ்டோப்பியா’ என்றும், இலட்சிய உலகம் என்ற எண்ணத்தையே விமர்சிக்கும் எழுத்துக்கு ‘ஆன்டி யூட்டோப்பியா’ என்றும் தனித்தனியாக வரையறை கொடுத்தார். டாம் மொய்லன் 1986இல் ‘கிரிட்டிகல் யூட்டோப்பியா’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதாவது, நல்ல உலகத்தையும் காட்டி, அதிலுள்ள ஓட்டையையும் காட்டும் கதை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு விவாதம் இருக்கிறது. எனவே சொற்பட்டியல் தயாரிப்பதே பாதி ஆராய்ச்சி என்றால் மிகையாகாது.

காப்புரிமைத் தேடலில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் ஊரில் மோட்டார் என்பார்கள், அடுத்த ஊரில் பம்ப்செட் என்பார்கள், ஜெர்மன்காரர் வாயில் நுழையாத பெயர் வைத்திருப்பார். எந்தப் பெயர் இருந்தாலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்றால் உலக வகைப்பாட்டில் ‘எஃப்04டி’ என்ற எண்ணுக்குள்தான் அடங்கும். நூலகங்களிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. பொருள் தலைப்பு என்பார்கள். ‘யூட்டோப்பியாஸ் இன் லிட்டரேச்சர்’ என்பது அப்படி ஒரு தலைப்பு. நூலாசிரியர் என்ன பெயர் வைத்திருந்தாலும், நூலகர் படித்துப் பார்த்து இந்தத் தலைப்பின் கீழ் சேர்த்திருப்பார். இலக்கிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு இந்த வேலையைச் செய்வது எம்.எல்.ஏ. பிப்ளியோகிராஃபி. எம்.எல்.ஏ. என்றால் நம் தொகுதிக்காரர் அல்லங்க, அமெரிக்காவின் மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன்! அதைப் பார்க்க நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழக நூலகம் எதற்காவது போனால், முதலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சந்தா இல்லாதவர்கள் என்ன செய்வது? அந்தத் தங்கையும் நானும் போன வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வரைபடம். தெரியாத ஊருக்குப் போகிறவன் சந்து சந்தாக நுழைய மாட்டான், முதலில் மேப்பைப் பார்ப்பான். இந்தத் துறைக்கு நல்ல மேப்புகள் இருக்கின்றன. கிரகரி கிளேஸ் தொகுத்து 2010இல் வந்த கேம்பிரிட்ஜ் கையேடு ஒன்று. அதன் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் இருக்கும் குறிப்புகள் பொன்னானவை. நான் சொன்ன சார்ஜென்ட், 1516 முதல் இன்று வரை ஆங்கிலத்தில் வந்த இத்தகைய படைப்புகளை, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிப் பட்டியலிட்டிருக்கிறார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1979இல் அச்சில் வந்த அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியமும் 2011 முதல் இணையத்தில் இலவசம்.

இரண்டாவது, எந்த இதழ்கள் என்று தெரிந்துகொள்வது. ‘யூட்டோப்பியன் ஸ்டடீஸ்’ என்பது இதற்கென்றே உள்ள இதழ். ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ 1959இல் தொடங்கியது, ‘ஃபவுண்டேஷன்’ 1972, ‘சயின்ஸ் ஃபிக்ஷன் ஸ்டடீஸ்’ 1973. ஆனால் இங்கேதான் கவனம் தேவை. ரொகேயாவைப் பற்றி எழுதியவர்களில் பலர் அறிவியல் புனைகதை ஆராய்ச்சியாளர்களே அல்ல. பெண்ணிய ஆய்வாளர்கள், வங்காள வரலாறு எழுதியவர்கள், பெண்கல்வியைப் பற்றி எழுதியவர்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பில் யூட்டோப்பியா என்ற சொல் இல்லாமலும் இருக்கலாம். ஒரு கதவு பூட்டியிருந்தால் கொல்லைப்புறமாகப் போவது தப்பில்லை.

மூன்றாவது, ஆளின் பெயர். வங்காளப் பெயர் ஆங்கில எழுத்துக்கு வரும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஹொசைன், ஹொசெயின், ஹுசைன், ரொகேயா, ரொக்கியா, சிலர் வெறும் ‘பேகம் ரொகேயா’. நம் ஊர் சுப்பிரமணியம் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதப்படுகிறார் என்று யோசித்துப் பாருங்கள்! அத்தனை விதத்திலும் தேட வேண்டும். கதையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் இந்தத் தொல்லை பாதி தீரும். அவளுக்கு முதல் வெற்றி கிடைத்ததே அப்படித்தான்.

நான்காவது, சங்கிலி. இதுதான் முக்கியமானது. உருப்படியான ஒரே ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் போதும். அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். ரொகேயாவுக்கு அப்படிக் கிடைத்த கண்ணி, ரோஷன் ஜஹான் பதிப்பித்து 1988இல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ் வெளியிட்ட நூல். ஆராய்ச்சி முன்னுரையோடு கூடிய பதிப்பு அது. அடுத்தது, பர்ணிதா பாக்சியின் முன்னுரையோடு 2005இல் பெங்குவின் வெளியிட்ட பதிப்பு. இவற்றின் பின்பக்கங்களிலிருந்து பழைய கட்டுரைகள் தெரியவரும்.

முன்னோக்கியும் போகலாம். 2004இல் வந்த கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும், இதை மேற்கோள் காட்டியவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும். அதை அழுத்தினால் பின்னால் வந்த கட்டுரைகள் எல்லாம் வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடியும் தேடுவதற்கு ஒரு சிறு கட்டமும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சார்ஜென்ட் 1994இல் எழுதிய வரையறைக் கட்டுரையைத் திறந்து, அதை மேற்கோள் காட்டியவர்களுக்குள் ‘ரொகேயா’ என்று தேடிப் பாருங்கள். கோட்பாடும் தெரிந்து, இந்தக் கதையும் தெரிந்து எழுதியவர்கள் மட்டும் வடிகட்டி வருவார்கள். அந்தத் தங்கை அதைப் பார்த்துவிட்டு, ‘இத்தனை நாள் இவங்க எல்லாம் எங்கே இருந்தாங்க, அண்ணா?’ என்றாள். அங்கேயேதான் இருந்தார்கள்.

ஐந்தாவது, கட்டுரையைக் கையில் வாங்குவது. பெயர் தெரிந்துவிட்டது, திறந்தால் முப்பது டாலர், நாற்பது டாலர் கேட்கிறான். பயப்படாதீர்கள். ஜேஸ்டாரில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகளை இலவசமாகத் திரையில் படிக்கலாம். பல ஆசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதியைப் போட்டு வைத்திருப்பார்கள். ‘அன்பேவால்’ என்ற இலவசக் கருவி அதைத் தேடிக் கொடுத்துவிடும். நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில் இருக்கின்றன. ஆய்வேடு எப்படி இருந்தாலும், அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியல் உங்களுக்கு உதவும்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் வருகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கான திட்டம் அது. மற்றக் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் போன்ற ஏற்பாடுகள் உண்டு. உங்கள் கல்லூரிக்கு எது உண்டு, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று நூலகரிடம் போய்க் கேளுங்கள். கேட்கிறவர்கள் இல்லாததாலேயே தூசி படிந்து கிடக்கும் கடவுச்சொற்கள் ஏராளம். எதுவும் நடக்கவில்லையா? கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒரு ஆள் ஆசைப்படுகிறது என்றால் எந்த ஆராய்ச்சியாளருக்கும் சந்தோஷம்தான். (பின்வரிசையில் சிரிக்கிற தம்பிகளுக்கு வேறு ஒரு குறுக்கு வழியும் தெரியும் போலிருக்கிறது. அதை நான் மேடையில் சொல்ல மாட்டேன்.)

ஆறாவது, சரிபார்ப்பது. இப்போது கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பத்துக் கட்டுரைகளின் பெயரை ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு அடுக்குகிறது. பார்க்க அழகாக இருக்கும். சிலது உலகத்திலேயே இருக்காது! 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் எழுதிக் கொடுத்ததற்காக இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் போட்டது. இல்லாத ஊரைப் பற்றி ஆராயலாம், இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டக் கூடாது. அந்த இயந்திரத்திடம் சொற்பட்டியல் கேளுங்கள், தவறில்லை. கட்டுரையை மட்டும் நீங்களே கண்ணால் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்ற நிரந்தர எண் உண்டு. எங்கள் ஸ்பேர் பார்ட் நம்பர் மாதிரி. அதைப் போட்டால் அந்தக் கட்டுரை வர வேண்டும். வேறு கட்டுரை வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ, அந்தக் குறிப்பை நம்பாதீர்கள். அதேபோல, பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்னும் இதழ்களில் வந்ததையும் யோசித்தே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் யார் படித்துப் பார்த்திருப்பார்கள்?

கடைசியாக, பதிவு செய்வது. தேதி, எங்கே தேடினோம், என்ன சொல் போட்டோம், என்ன கிடைத்தது என்று லேப் ரெக்கார்டு மாதிரி ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுத வேண்டும். ‘எதுவும் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், ‘சார், இன்னின்ன இடத்தில், இன்னின்ன சொல்லில் தேடினேன், இதோ’ என்று பணிவாக நோட்டை நீட்டலாம். அந்தத் தங்கை அதைத்தான் செய்தாள். வழிகாட்டியும் பெரிய மனதோடு சம்மதித்தார். ப்ராஜெக்ட் சுல்தானாவின் கனவைப் பற்றியே நல்லபடியாக முடிந்தது.

ஒரு எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுலபமாகக் கிடைக்கிறதே என்று எல்லோரும் ஆர்வெல்லையே எடுத்தால், ஆர்வெல்லைப் பற்றியே மேலும் நூறு கட்டுரைகள் சேரும். அடுத்த ஆண்டு தேடுகிறவனுக்கு அவர் இன்னும் சுலபமாகக் கிடைப்பார், ரொகேயா இன்னும் ஒரு பக்கம் பின்னால் போவார். ஆர்வெல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பெரிய எழுத்தாளர். ஆனால் நம் பிள்ளைகள் எதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதைத் தேடல் பட்டியலின் முதல் பக்கம் தீர்மானிக்கலாமா? நம் சென்னையில் அச்சான ஒரு கதையைப் பற்றி, சென்னையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படிக்கிற பெண் எழுத முடியாமல் போயிருந்தால் அது யாருக்கு நஷ்டம்?

சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தடிமனான பதிவேடு வையுங்கள், ‘தேடல் பதிவேடு’ என்று பெயர் போட்டு. ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொரு மாணவரும், தன் தலைப்புக்கு எந்தச் சொல் பலித்தது, எந்தச் சொல் பலிக்கவில்லை, எந்த வழியில் கட்டுரை கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்து வருகிறவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள், எந்தப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வோம் என்று அதன் முதல் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதிவைக்கட்டும். பெரிய செலவில்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான். முதல் பதிவேட்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். விழா முடிந்ததும் நூலகர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.